வெயிலுக்கு ஐஸ் கிரீன் டீ: வீட்டில் போடவும் கடையாகப் போடவும் ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். நிமிர்ந்து பார்த்தால் மலை. குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வண்டிப்பெரியாறு வரைக்கும் தேயிலைக் காடு. இலை இவ்வளவு பக்கத்தில் விளைந்தும், கீழே நம் ஊர்களில் ஐஸ் கிரீன் டீ என்று கேட்டால் கிடைப்பது பாட்டிலில் அடைத்த சர்க்கரைத் தண்ணீர். இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்கப் போட்டு மேலே ஐஸைக் கொட்டிய கசாயம். அதை ஒரு தடவை குடித்தவர்கள் கிரீன் டீ என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள்.

முறையாகப் போட்ட கிரீன் டீ கசக்காது. லேசான துவர்ப்பு இருக்கும், தொண்டையில் இறங்கியபின் ஒரு இனிப்பு நிற்கும். வெயிலில் அலைந்துவிட்டு வந்து அதைக் குளிரக் குடித்தால் கிடைக்கும் தெம்பு தனி. கோடைதோறும் வீட்டிலும், பிறகு தேனி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் சின்ன வண்டிக்கடையிலும் இதைப் போட்டு, இலைக்கும் தண்ணீருக்கும் காகிதத்துக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டுக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு ஆறாவது படி வரை போதும். கடை போடும் எண்ணம் இருந்தால் ஏழாவது படியை முதலில் படித்துவிடுங்கள். அந்த வேலைக்குத்தான் நாள் பிடிக்கும்.

1. இலை வாங்குவது

தூள் வேண்டாம், முழு இலை வேண்டும். டிப் பை பெரும்பாலானவற்றில் இருப்பது பொடிந்த இலை. பொடி சீக்கிரம் இறங்கும், அதே வேகத்தில் கசப்பும் இறங்கும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு கோப்பை போட டிப் பை சரி. குடும்பத்துக்கோ கடைக்கோ என்றால் பொட்டலம்தான் கட்டுப்படியாகும்.

நான் வாங்கும் இலை 250 கிராம் சுமார் 250 ரூபாய், அதாவது கிராமுக்கு ஒரு ரூபாய். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த விலையில் போட்டது. உங்களுக்குக் கிடைக்கும் விலைக்குத் தக்க மாற்றிக்கொள்ளுங்கள்.

குமுளியில் சுற்றுலாக்காரர்கள் நடமாடும் தெருவில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஏலக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் திறந்த டப்பாக்களில் அடுக்கி, நடுவில் தேயிலையையும் திறந்து வைத்திருக்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த அரைக் கிலோ, வீட்டுக்கு வந்து ஊறவைத்தால் கரம் மசாலா மாதிரி மணந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே மூடிய பொட்டலமாக வாங்குங்கள். பேக் செய்த தேதியையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கடை போடுகிறவர்களுக்கு அந்தப் பில் பிறகும் தேவைப்படும்.

பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வாயால் வெப்பமாக ஊதி முகர்ந்து பாருங்கள். நல்ல இலையில் பச்சை வாசனை எழும். நிறம் கரும்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்படித்திருந்தால் பழசு, அல்லது ஈரம் பட்டது. தேன், எலுமிச்சை வாசனை சேர்த்த பொட்டலங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாசனைக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட எலுமிச்சம்பழமே வாங்கிவிடலாம்.

எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி, மசாலா அலமாரிக்கு எட்டத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் வேர்த்து இலை கெடும்.

2. தண்ணீர்

பாதிப் பேருடைய டீ கெடுவது இங்கேதான். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதில் கிரீன் டீ போட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகும், மேலே மெல்லிய ஏடு படியும், வாசனை எழும்பாது. இலையை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப் போவதற்கு முன், அதே இலையை ஒரு தடவை கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 20 லிட்டர் கேன் எங்கள் தெருவில் 35 ரூபாய்க்கு வருகிறது. லிட்டருக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

எந்தத் தண்ணீரானாலும் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ஊறவைக்கும் முறையில் கிருமி சாக வழியில்லை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஐஸும் அதே தண்ணீரில் உறைந்ததாக இருக்கட்டும். மீன் வண்டிக்கும் பால் கேனைச் சுற்றிப் போடவும் விற்கும் ஐஸ் பாரை உடைத்து டம்ளரில் போடுவது வயிற்றுப்போக்கை விலை கொடுத்து வாங்குவது. பார் ஐஸைப் பாத்திரத்தின் வெளியே சுற்றிக் குளிர வைக்கப் பயன்படுத்துங்கள், உள்ளே வேண்டாம்.

3. டிக்காஷன்: இரண்டு வழி

அ) குளிரில் ஊறவைப்பது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்குங்கள். ஏறக்குறைய கெடுக்கவே முடியாத முறை.

ஒரு லிட்டர் ஆறிய தண்ணீருக்கு 10 கிராம் இலை. கண்ணாடிப் பாட்டிலோ எவர்சில்வர் தூக்கோ போதும். இலையைப் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 6 முதல் 8 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு வைத்தால் காலை ஆறு மணிக்கு எடுக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் கசப்பும் துவர்ப்பும் கொடுக்கும் சத்துகள் குறைவாகவே இறங்கும், இனிப்புச் சுவை நன்றாக இறங்கும். அதனால்தான் இந்த டீ அவ்வளவு மிருதுவாக இருக்கிறது.

கண்ணாடிப் பாட்டிலில் வைத்துப் பாருங்கள். முதலில் இலையெல்லாம் சுருண்டு மேலே மிதக்கும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிரிந்து சாய்ந்து கீழே இறங்கும். காலையில் அடியில் முழு இலையாக, காம்போடு விரிந்து படுத்திருக்கும். மேலே தண்ணீர் இளம் பொன்பச்சையாகத் தெளிந்து நிற்கும். அடியில் இலை இல்லாமல் சேறு மாதிரிப் படிந்திருந்தால் உங்களுக்குத் தூளைத் தந்திருக்கிறார்கள்.

எடுத்ததும் வடிகட்டிவிடுங்கள். இலையைப் பிழியாதீர்கள், பிழிந்தால் அடக்கி வைத்த கசப்பெல்லாம் வந்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லையென்று ராத்திரி முழுக்க வெளியே வைக்கவும் வேண்டாம். சித்திரை வெக்கைக்கு விடிவதற்குள் கெட்டுவிடும். வெயிலில் வைத்து ஊறவைப்பதும் அதே காரணத்தால் ஆகாது.

ஆ) சூட்டில் போட்டு ஐஸில் இறக்குவது. திடீரென்று விருந்தாள் வந்துவிட்டால் இது. மொத்தம் பத்து நிமிட வேலை.

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் வேலை பார்த்த என் பெரியம்மா, நான் கொதிக்கும் தண்ணீரோடு அடுப்படியில் நின்றதைப் பார்த்து, “ஏத்தா, அது கறுப்புத் தேயிலைக்கு. இந்த எலைக்கு அம்புட்டுச் சூடு ஆகாது, வெந்து போகும்” என்று சட்டியைக் கையிலிருந்து வாங்கி வைத்தார். கிரீன் டீக்கு 70 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 5 பங்கு, காய்ச்சி ஆறிய தண்ணீர் 2 பங்கு. இரண்டையும் கலந்தால் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அரை லிட்டர் இப்படிக் கலந்த தண்ணீரில் 10 கிராம் இலை. இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், நிறத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். நிறம் பத்தவில்லை என்று கூட ஒரு நிமிடம் விடுவதில்தான் கசப்பு ஏறுகிறது. கெட்டியாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

அரைக் கிலோ ஐஸ் போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் நேராக வடிகட்டி ஊற்றுங்கள். சூட்டில் ஐஸ் பெரும்பாலும் கரைந்து, இரண்டு மடங்கு கெட்டியாகப் போட்ட டீ சரியான பதத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் ஐஸ் மட்டும் மிதக்கும். கண்ணாடி ஜக்கில் இதைச் செய்தால் விரிசல் விடும். சூடு தானாக ஆறட்டும் என்று திறந்து வைக்கவும் கூடாது. அதற்குள் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும்.

4. இனிப்பு

சர்க்கரை குளிர்ந்த டீயில் சீக்கிரம் கரையாது. அடியில் மணலாகத் தங்கும். ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் கரையும்வரை சூடாக்கி, அந்தப் பாகை ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். ஒரு டம்ளர் டீக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்குங்கள். கருப்பட்டியும் வெல்லமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்த டீயில் வேண்டாம். அவற்றின் மணம் இலையின் மணத்தை முழுங்கிவிடும். பாலும் வேண்டாம்.

5. கலவைகள்

எல்லா அளவும் 250 மில்லி டம்ளர் ஒன்றுக்கு.

எலுமிச்சை, புதினா: குளிர்ந்த டீ 200 மில்லி, அரை மூடி எலுமிச்சை, பாகு இரண்டு தேக்கரண்டி, புதினா ஐந்தாறு இலை, ஒரு சிட்டிகை உப்பு. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் தழை வாடைதான் வரும். எலுமிச்சையைப் பிழிந்ததும் டீயின் நிறம் வெளுக்கும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. விதை உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னீர் திராட்சை: இதுதான் நம் ஊர்க் கலவை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணம் கிரீன் டீயோடு சேர்வது மாதிரி வேறெந்தப் பழமும் சேர்ந்து நான் பார்க்கவில்லை. கால் கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கால் டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தோல் வெடித்ததும் இறக்கி, கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். தோலிலிருந்து இறங்கும் கருஞ்சிவப்புச் சாறு 50 மில்லி, டீ 150 மில்லி, எலுமிச்சை சில துளிகள். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் பாகே வேண்டாம். டீயை முதலில் ஊற்றி, சாற்றைக் கரண்டி முதுகில் மெல்ல விட்டால் கீழே சிவப்பும் மேலே பச்சையுமாக நிற்கும். பிள்ளைகள் இதற்காகவே கேட்பார்கள்.

நன்னாரி, சப்ஜா: நன்னாரி சர்பத் இரண்டு மேசைக்கரண்டி, டீ 180 மில்லி, கால் மூடி எலுமிச்சை, இருபது நிமிடம் ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி. சர்பத்தில் இனிப்பு இருப்பதால் பாகு சேர்க்காதீர்கள்.

குலுக்கி: மலைக்கு அந்தப் பக்கம் குலுக்கி சர்பத் குடித்தவர்களுக்குத் தெரியும். அதே முறைதான். டீ 150 மில்லி, அரை மூடி எலுமிச்சை, பாகு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கீறி விதை எடுத்த காந்தாரி மிளகாய் ஒன்று, சப்ஜா, ஐஸ். ஒரு டம்ளர் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து இறுகப் பிடித்துப் பதினைந்து விநாடி குலுக்க வேண்டும். காந்தாரி பார்க்கத்தான் சின்னது. விதையோடு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

6. வைத்திருக்கும் நேரமும், குடிக்கும் நேரமும்

வடிகட்டிய டீ ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் நன்றாக இருக்கும். பழச்சாறு கலந்தபின் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த டீ சற்றுக் கலங்கினால் மட்டும் அது கெட்டுப்போனதாகாது. கெட்டியாகப் போட்ட டீ குளிர்ந்தால் அப்படித்தான் மங்கும். புளித்த வாடை அடித்தால் கெட்டது.

சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடக்கிறவர்கள், காலையில் வடிகட்டியதை ஃபிளாஸ்கில் ஐஸோடு எடுத்துக்கொள்ளலாம். அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில். பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் ஃபிளாஸ்க்தான் எடுத்துப் போக வேண்டும். ஏற்றத்தில் தண்ணீருக்குப் பதிலாக இதையே குடிக்காதீர்கள், தண்ணீர் தனியாக இருக்கட்டும்.

சோற்றோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். உணவில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேருவதை டீ குறைக்கும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது முக்கியம். இதிலும் காஃபின் உண்டு. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் தர வேண்டாம்.

7. கடை போட: காகிதங்கள்

சின்னக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். உரிமம் வேறு, பதிவு வேறு. உங்களுக்குத் தேவை அடிப்படைப் பதிவு மட்டும். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்னும் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது; இப்போதைய தொகையைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதையே செய்து தர எங்கள் பக்கம் இடைத்தரகர்கள் 1,500, 2,000 என்று கேட்கிறார்கள். இணையம் பழக்கமில்லையென்றால் இ-சேவை மையத்திலோ படித்த பிள்ளைகளிடமோ உட்கார்ந்து பதிவேற்றுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, கடை இருக்கும் இடத்துக்கான ஆதாரம் (சொந்த இடமென்றால் வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது, வாடகையென்றால் ஒப்பந்தம்), கைபேசி எண். ஆதாரில் உள்ள பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா பாருங்கள். இனிஷியல் முன்பின் இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வரும், வந்தால் ஒரு வாரம் போச்சு.

விண்ணப்பம் சேர்ந்த 7 நாட்களுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருவதாகச் சொல்ல வேண்டும். நேரில் வருவதென்றால் 30 நாட்கள்வரை ஆகலாம். கிடைத்ததும் 14 இலக்க எண்ணோடு சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். தெருவோரம் நிற்பதென்றால் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி தரும் விற்பனைச் சான்றிதழுக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள்.

எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க: கூடலூரில் எடுத்த பதிவு கூடலூர்க் கடைக்கு மட்டும்தான். சோதனைச் சாவடி தாண்டிக் குமுளியில் வண்டி போட்டால் கேரளத்தில் அந்த இடத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். அதே இணையதளம்தான், மாநிலத்தைக் கேரளம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே உணவு கையாளுகிறவர்களிடம் ஹெல்த் கார்டு கேட்பார்கள். டாக்டரிடம் பரிசோதனை, டைஃபாய்டு தடுப்பூசி இரண்டும் அதற்குத் தேவை. ஒரு வருடம் செல்லும்.

கப் விஷயத்தில் பலர் மாட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு, உறிஞ்சு குழலும் உண்டு. “பேப்பர்தாண்ணே, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று மொத்தக் கடையில் சொல்லி விற்பார்கள். அபராதம் கட்டுவது நீங்கள். கேரளத்திலும் 2020 முதல் தடை இருக்கிறது. கண்ணாடி டம்ளர் நான்கு டஜன் வாங்கிவிடுங்கள், கழுவ இரண்டு வாளி வையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வேர்த்து நிற்கும் டீயைப் பார்த்தே ஆள் நிற்பார்கள்.

போர்டில் ‘எடை குறையும்’, ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று எழுதாதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அதோடு, சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு?

8. செலவு

எலுமிச்சை புதினா ஒரு டம்ளருக்கு: இலை இரண்டு, இரண்டரை ரூபாய். அரை மூடி எலுமிச்சை மூன்று ரூபாய் (சித்திரையில் ஒரு பழம் பத்து ரூபாய்க்குப் போவதும் உண்டு, அப்போது ஐந்து). பாகு ஒரு ரூபாய். ஐஸும் தண்ணீரும் இரண்டு ரூபாய். புதினா, கேஸ் சேர்த்து ஒன்று. ஆக பத்துக்குள் அடங்கும். நான் 20 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். திராட்சைக்கு 30, ஏனென்றால் பழம் மட்டுமே பத்து ரூபாய்க்கு மேல் பிடிக்கும். எலுமிச்சை விலை ஏறும் வாரங்களில் டம்ளர் விலையை ஏற்றாமல் நன்னாரிக் கலவையை முன்னால் தள்ளுங்கள், அதற்குக் கால் மூடி போதும்.

9. எப்போது தொடங்குவது

மாசி பிறந்ததும் விண்ணப்பம் போடுங்கள். பங்குனி தொடக்கத்தில் சான்றிதழ் கையில் இருக்கும். இலையை இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவுக்கு மட்டும் வாங்கிச் சேருங்கள். கூட்டம் அள்ளுவது பள்ளி விடுமுறை விட்ட நாளிலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும்வரை; தேக்கடிக்குப் போகிற வண்டிகள் மதியம் பதினொன்று முதல் நான்கு வரை நிற்கும். அந்த நேரத்துக்கு முதல் நாள் ராத்திரியே எத்தனை லிட்டர் ஊறவைப்பது என்று கணக்குப் போட வேண்டும். ஒரு லிட்டர் ஐந்து டம்ளர். சனி, ஞாயிறுக்கு இரட்டிப்பு.

மே நடுவுக்குப் பிறகு புதிதாக இலை எடுக்காதீர்கள். ஜூன் பிறந்தால் குமுளியில் மழை இறங்கிவிடும், கீழேயும் காற்று குளிரும். மிச்சம் இருக்கும் இலை இறுக மூடிய டப்பாவில் நான்கைந்து மாதம் தாங்கும். மழைக்கு அதையே 80 டிகிரியில் சூடாகப் போட்டுக் குடிக்கலாம்.